உன் இடது மூக்கில் இருப்பதற்குப் பெயர் பீனிசம் இல்லை

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் உன்னை ஒளித்து வைத்திருக்கும் மாமாவுக்கும் தெரியும். பத்து நாளாக நான் எடுத்த போனுக்கு நீ பதில் சொல்லவில்லை. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து உங்கள் கதவைத் தட்ட என் முழங்கால் விடாது, மானமும் விடாது. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். மாமா என் கூடப்பிறந்த அண்ணன்; நம் குடும்பத்தில் யாருடைய கடிதத்தையும் வாசிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. உறையைக் கிழிக்கும் வேலையாவது மிச்சமாகட்டும். அவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நீ வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் நான் உன்னை ஏசியது என்று அவரிடம் சொன்னாயாம். உன் ஊத்தை உடுப்புகளை ஊறப்போட எடுத்தபோது நீ மூக்குத் துடைக்கிற லேஞ்சி ஐந்து அகப்பட்டது. ஐந்திலும் இரத்தக் கறை. புதுக் கறையும் பழங்கறையுமாக, சளியோடு கலந்து, சில இடத்தில் காய்ந்து மண்ணிறமாக. வாளியின் பக்கத்தில் நின்றபடியே உன்னைக் கூப்பிட்டு, எவ்வளவு காலம் என்று கேட்டேன். "சும்மா பீனிசம் அம்மா. ஒபிஸ்ல ஏசிக்குள்ள இருக்கிறது. உங்களுக்கு எல்லாத்துக்கும் பெரிய கதைதான்" என்றாய். எந்தப் பக்கம் அடைக்கிறது என்று கேட்டேன். "இடது" என்றாய். வலது எப்போதாவது அடைத்ததா என்றேன். "இல்லை" என்றாய். ஆறு மாதமாக இடது பக்கம் மட்டும் என்று பிறகு வாய் தவறிச் சொன்னாய். நான் டொக்டரிடம் போவோம் என்றதும் எழும்பிப் போய் பையை அடுக்கினாய். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கோட்டையில் ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன், மூக்குக்குள் விட்டுப் பார்க்கிற ஒரு மெல்லிய குழாய்க்குப் பயந்து மாமா வீட்டுக் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்திருக்கிறாய்.

பீனிசம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாமும் பீனிசம் என்கிறோம், சிங்களவரும் பீனச என்கிறார்கள். இந்த நாட்டில் மூக்குக்குள் எது வந்தாலும் எல்லாருக்கும் அந்த ஒரே சொல் போதும். தும்மினால் பீனிசம், தலையிடித்தால் பீனிசம், மூக்கால் இரத்தம் வந்தால் சூட்டுப் பீனிசம். பேர் வைத்தாயிற்று, இனி யாரும் யோசிக்கத் தேவையில்லை. மாமி உனக்கு நொச்சி இலை அவித்து ஆவி பிடிக்கத் தருகிறாளாம், மாமா தலைக்கு ஒரு எண்ணெய் வாங்கித் தந்தாராம். இவ்வளவும் போதாதென்று நீயாகப் பாமசியில் மூக்குச் சொட்டு மருந்து வேறு வாங்கி, நாளுக்கு ஐந்து தரம் விடுகிறாய். அந்தச் சொட்டு மருந்து நாலைந்து நாளைக்கு மேல் விடுகிற சாமான் இல்லை. அதற்கு மேல் விட்டால் அதுவே மூக்கை வீங்க வைக்கும், பிறகு அது இல்லாமல் மூச்சு வராது. உன் சட்டைப் பையில் அந்தக் குட்டிப் போத்தலைக் கண்டபோது, மூக்கு அடைப்பைவிட உன் மூளை அடைப்புத்தான் பெரிசு என்று நினைத்தேன்.

"கூகிள்ல பாத்தனான், பொலிப் எண்டுதான் போட்டிருக்கு, ஒண்டும் செய்யாது" என்று படியிறங்கும்போது சொன்னாயே. நான் இருபத்தாறு வருடம் ஒரு ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கில் நேர்ஸாக நின்றவள் என்பதை நீ மறந்துவிட்டாய். பரவாயில்லை, அதை நானே ஒருகாலம் மறந்திருந்தேன். கேள். சாதாரணப் பொலிப் என்பது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். உரித்த நுங்குபோல வெளிறி இருக்கும், தொட்டால் நோகாது, இரத்தம் வராது. ஆஸ்துமாக்காரருக்கும் விடாமல் தும்முகிறவர்களுக்கும் கூடுதலாக வரும். மணம் போய்விடும், கறி தீய்ந்தாலும் தெரியாது. அதற்கு ஸ்பிரே இருக்கிறது, சரிவராவிட்டால் ஒப்பரேஷன் இருக்கிறது, எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப முளைக்கும். அது ஒரு கரைச்சல், அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் அடைத்து, அந்தப் பக்கமே இரத்தமும் வந்தால், எங்கள் கிளினிக்கில் எந்த டொக்டரும் அதைப் பொலிப் என்று எழுதி ஸ்பிரே கொடுத்து அனுப்பியதில்லை. குழாய் விட்டுப் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், பிறகு ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

உடனே புற்றுநோய் என்று நீ அலறத் தேவையில்லை. மூக்குக்குள் புற்றுநோய் வருவது அருமை. இரத்தம் வருகிற கட்டியெல்லாம் கெட்ட கட்டியும் இல்லை. குளத்தில் குளிக்கிற சனத்துக்கு மூக்குக்குள் ஒரு சிவத்தச் சதை வளரும், வெள்ளைப் புள்ளிகளோடு ஸ்ட்ரோபெரிப் பழம்போல இருக்கும், தொட்டால் இரத்தம் கொட்டும். குளங்கள் உள்ள பக்கத்துப் பொடியன்கள் எத்தனை பேர் அதோடு வந்தார்கள். வெட்டி, அடியைச் சுட்டு அனுப்பினோம். இன்னொன்று இருக்கிறது, வெளியே வளராமல் உள்பக்கமாக மடிந்து வளரும். நல்ல கட்டி என்றுதான் அதைச் சொல்வார்கள். ஆனால் பக்கத்து எலும்பை அரிக்கும், அடியோடு எடுக்காவிட்டால் திரும்ப வரும், சிலருக்குக் கெட்டதாக மாறியும் விடும். பதின்வயதுப் பொடியன்களுக்கு வருகிற ஒன்று இரத்தக் குழாய்களின் மூட்டை. ஸ்கேன் எடுக்காமல் அதில் கத்தி வைத்தால் இரத்தத்தை நிறுத்தவே முடியாது. உன்னுடையது இதில் எது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. மாமாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இப்போது உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதை என்று நினைப்பாய். பாதிதான் தெரியும்.

அப்பா மரக்காலையில் மேற்பார்வை பார்த்தவர். பின்னேரம் வீடு வந்து சட்டையை உதறினால் வாசலில் மரத்தூள் கொட்டும். தேக்கு, பலா, முதிரை, எந்த மரம் அரிந்தார்கள் என்று மணத்திலேயே எனக்குத் தெரியும். எங்கள் கிளினிக்கில் மூக்குக் கட்டியோடு வயதானவர் யாராவது வந்தால் டொக்டர் முதலில் கேட்பது, தச்சு வேலையா, மரவேலையா என்றுதான். மரத்தூளை வருடக்கணக்காகச் சுவாசித்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் கூடுதலாக வரும் என்பதற்காகக் கேட்பார். அதைப் பக்கத்தில் நின்று நோயாளிகளுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னவள் நான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் புருஷனின் சட்டையை உதறினேன். அவருக்கு வலது மூக்கு அடைத்து, கன்னம் மரத்து, மேல் பல்லு ஆடத் தொடங்கியபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பீனிசம், ஆவி பிடியுங்கோ" என்றேன். ஊர் மூக்கெல்லாம் பார்த்த பெரிய நேர்ஸ். வெட்கங்கெட்டவள்.

அறியாமை என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அறியாமை இல்லை. இரண்டு மாதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவுக்கும் விளங்கியது. ஆனால் அந்த நேரம் உன் அக்காவுக்குச் சம்பந்தம் பொருந்தியிருந்தது. சாதகம் பார்த்து, நாள் வைத்து, மண்டபம் பிடித்தாயிற்று. மாமாதான் பேசி ஒப்பேற்றியவர். நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும்: மற்றப் பக்கத்தில் என்ன வருத்தம் இருக்கிறது, யாருக்குச் சீனி, யாருக்கு வலிப்பு, யாருக்குப் புற்று என்று ஊரெல்லாம் ஆள் விட்டு விசாரிப்பார்கள். தங்கள் பக்கத்தில் இருப்பதைப் பாயைப் போட்டு மூடுவார்கள். மாமா நம் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, "பொம்பிளையின்ர தேப்பனுக்கு கான்சராமெண்டு வெளியில போச்செண்டால் அவங்கள் அப்பிடியே எழும்பிப் போயிடுவாங்கள். முதல் கலியாணம் முடியட்டும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார். அப்பா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

கலியாணத்தன்று அப்பா வலது மூக்குக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு மணவறைக்கு ஏறினார். பஞ்சை அடைத்துவிட்டவள் நான், தொழில் தெரிந்தவள் அல்லவா. ஓமப் புகை அவர் முகத்துக்கே அடித்தது. தாரை வார்க்க நேரம் வந்தது. அக்காவின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கக் குனிந்தார். குனிந்ததும் பஞ்சு நனைந்து ஒரு சொட்டு இரத்தம் தாம்பாளத்து அரிசியில் விழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பின்னாலே நின்ற மாமா ஒரு வெற்றிலையை எடுத்து அந்த இரத்தத்தின் மேல் வைத்துவிட்டு, "சொல்லுங்கோ ஐயா, நேரம் போகுது" என்றார். ஐயர் சொன்னார். மேளம் அடித்தது. நான் அட்சதை போட்டேன். அந்த வெற்றிலையை நான் கண்டேன், கண்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். கலியாண அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது பார், அதைவிட அருவருப்பான சிரிப்பை நான் யாருடைய முகத்திலும் கண்டதில்லை.

இன்னும் கேள். அன்று மாப்பிள்ளையின் தகப்பன் பட்டுச் சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு இருந்தார். வியர்த்து ஒழுகுகிறது, எடுக்க மாட்டேன் என்கிறார், குளிர்கிறதாம். கொழும்பில் குளிர்! ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, மனிதர் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்து எட்டுக் கிழமைதான் ஆகியிருந்தது, தழும்பை மறைத்திருக்கிறார். எங்களுக்குச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அவர்களும் பயந்திருக்கிறார்கள். இரண்டு நோயாளிகள், ஒரே மணவறையில், ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு, சந்தனம் பூசிக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இதைத்தான் கௌரவமான குடும்பங்கள் என்று மாமா இன்றைக்கும் நாலு பேருக்கு எடுத்துச் சொல்கிறார்.

மறுவீடு, கால்மாறிப் போகிற சடங்கு, விருந்து எல்லாம் முடித்துத்தான் அப்பாவைக் காட்டினோம். நான் வேலை செய்த இடத்திலேயே. கட்டி மேல் தாடையைத் தின்று கண்ணின் அடிக்குப் போயிருந்தது. டொக்டர் என் கண் முன்னே வேலை பழகிய பொடியன்தான், இப்போது பெரிய ஆள். என்னை ஏசவில்லை. முந்தியே கொண்டு வந்திருந்தால் சுகப்படுத்தியிருப்பேன் என்றும் சொல்லவில்லை, அவன் பொய் சொல்கிறவன் இல்லை. "மிஸ், கண்ணையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்பா ஒரு கண் இல்லாமல் பதினாலு மாதம் இருந்தார்.

அந்த வருடம் உனக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை. உன்னிடம், அப்பாவுக்குப் பல்லில் பிரச்சினை என்று சொன்னோம். சோதனை முடியட்டும் என்று அதற்கும் ஒரு தவணை வைத்தோம். நீ ஸ்கேன் உறையை எடுத்து நீயாக வாசித்துவிட்டு, எங்களிடம் ஒன்றும் கேட்காமல், திரும்ப அதே இடத்தில் வைத்தாய். நான் அதைக் கதவு இடுக்கால் பார்த்தேன். நானும் கேட்கவில்லை. அன்றைக்கு உன்னைப் பக்கத்தில் இருத்தி உண்மையைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு ஐந்து லேஞ்சியை ஒளிக்கிறவனாக நீ வந்திருக்க மாட்டாய். உன்னை இந்தக் கடிதம் முழுக்க ஏசுகிறேன், அதற்கு எனக்கு உரிமை குறைவு. ஒளிக்கப் பழக்கியவள் நான்தான். என்னைப் பற்றி எனக்கு இருக்கிற இளக்காரத்தில் காற்பங்குகூட உன்மேல் இல்லை.

ஆனால் நீ செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆவணியில் உனக்குக் கலியாணம். பொம்பிளை மதுராவின் வீட்டார் நம் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிறார்கள். பேசி வைத்தவர் யார்? அதே மாமா. போன கிழமை அவருக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, இன்னும் ரெண்டு மாசம்தானே, இப்ப போய் மூக்கில கத்தி வச்சு முகம் வீங்கினால் என்ன பதில் சொல்லுறது? முதல் கலியாணம் முடியட்டும்" என்கிறார். அதே சொல். அதே குரல். ஒரு மனிதர் தன் மைத்துனரைச் சாகக் கொடுத்த வாயால் மருமகனுக்கும் அதையே சொல்கிறார், சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் பூ யார் கட்டுவது என்று கேட்கிறார். அண்ணா, இதை வாசித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் வாசி. இந்த முறை வெற்றிலைத் தட்டு உன் கைக்கு எட்டாது.

ஏனென்றால் முந்தாநாள் பின்னேரம் நான் மதுரா வீட்டுக்குப் போனேன். நீ சொல்லவேண்டியதை நான் சொன்னேன். உன் வருத்தத்தை ஊருக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, தெரியும். கோபிக்க வேண்டுமென்றால் கோபி, உயிரோடு இருந்து கோபி. ஆறு மாதமாக ஒரு பக்க மூக்கால் இரத்தம் வருகிறது, என்ன என்று இன்னும் பார்க்கவில்லை, அப்பா இப்படித்தான் செத்தார் என்று எல்லாம் சொன்னேன். அரிசியில் விழுந்த இரத்தத்தையும் சொன்னேன். அவளின் அப்பா எழும்பி உள்ளே போனார், நான் வெளிக்கிடும்வரை திரும்பி வரவில்லை. தாய், "இதை உங்கட மகனெல்லோ வந்து சொல்லோணும்?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்தேன். உனக்காக நான் ஒருவருக்கு முன்னால் தலை குனிந்தது அதுதான் முதல் தரம்.

வாசல் கேற்றடிக்கு என்னோடு வந்தவள் மதுராதான். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை, நிதானமாகக் கதைப்பாள். "அன்ரி, எனக்கு ஏதோ இருக்கெண்டு தெரியும். போன்ல கதைக்கேக்க வாயால மூச்சு விடுறது கேக்கும். கேட்டால் சளி, தடிமன் எண்டுவார். ஆறு மாசமாத் தடிமனோ?" என்றாள். கேற்றைத் திறந்து விட்டாள். "வருத்தம் ஆருக்கும் வரும். என்னட்டப் பொய் சொல்லிப்போட்டு என்னோட இருக்கப் போறார் எண்டதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு. நான் யோசிக்கோணும் அன்ரி" என்றாள். யோசி பிள்ளை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? உன் அம்மாவாக அவளிடம் கெஞ்ச வந்தது. அவளின் இடத்தில் நின்று பார்த்தால், ஓடிப்போ என்று சொல்லவும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் பெயரில் நம்பர் எடுத்திருக்கிறேன். பார்க்கப் போகிறவன் அப்பாவைப் பார்த்த அதே டொக்டர். என்ன நடக்கும் என்று சொல்கிறேன், நீ கற்பனை செய்து நடுங்கத் தேவையில்லை. மருந்தில் நனைத்த பஞ்சை மூக்குக்குள் வைத்துப் பத்து நிமிடம் விறைக்க விடுவார்கள். பிறகு பென்சிலிலும் மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கண்ணீர் வரும், தும்மல் வருகிறமாதிரி இருக்கும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைகள் என் மடியில் இருந்து அதைச் செய்துகொண்டு போயிருக்கிறார்கள். பிறகு ஸ்கேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் துண்டு எடுப்பார்கள். துண்டின் முடிவு வரும்வரை இருக்கிற நாட்கள்தான் கஷ்டம், அந்த நாட்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. நல்லதாக இருந்தால் அடியோடு எடுப்பார்கள். கெட்டதாக இருந்தால் முந்தியே பிடித்ததாக இருக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இவ்வளவு நேரம் பெரிதாக ஏசிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதை நேரே உனக்கு அனுப்பவில்லை. முதலில் மதுராவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவளைப் பற்றி எழுதியதை அவள் வாசிக்க வேண்டும், நான் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் வெட்ட வேண்டும். வாசித்துவிட்டு உனக்கு அனுப்புவதோ, கிழித்துப் போடுவதோ அவளின் விருப்பம். கடைசித் தாளில் கீழே கொஞ்ச இடம் விட்டிருக்கிறேன். அவளுக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் எழுதட்டும். வெறுமையாக வந்தால், அதன் கருத்து என்ன என்று உனக்கு விளங்கும். அப்படி வந்தாலும் வியாழக்கிழமை நான் அங்கே இருப்பேன்.

அம்மா

அன்ரி எழுதினது எல்லாம் வாசிச்சன். ஒண்டும் வெட்டேல்லை. அப்பா இன்னும் என்னோட கதைக்கிறேல்லை. வியாழக்கிழமைக்கு நான் லீவு போட்டிட்டன். நீங்களும் போடுங்கோ.

மதுரா